பதினான்காம் குழிக்குக் கீழே ஓர் ஓடை

“பணியிடத்தில் நீர் செல்லும் வழி எதுவாயினும், அதில் நீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும், நிலவர வரைபடத்தில் அது நீலக் கோட்டால் காட்டப்பட வேண்டும்.” பிரிவு நான்கு, விதி இரண்டு.

இந்த விதியை எழுதியவன் நான். மீறியவனும் நான்தான். மறந்துபோய் மீறவில்லை. தெரிந்தே அந்த நீலக் கோட்டை அழித்தேன். அழித்த படத்தின் மூலையில் என் கையெழுத்து இல்லை. சேவியர் என்ற இன்னொருவரின் கையெழுத்து இருந்தது.

இப்படி ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் நெஞ்சில் ஏதாவது அசையும் என்று எதிர்பார்த்தேன்... ஒன்றும் அசையவில்லை. ஆகவே முறைப்படி, வரிசையாகச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

நான் கோல்ஃப் மைதானங்களை வடிவமைத்தவன். திருநெல்வேலியில் இதை யாரிடம் சொன்னாலும் எதிரில் இருப்பவர் முகம் ஒரு கணம் நின்று பிறகுதான் நகரும். ஒரு கல்யாணப் பந்தியில் என் மைத்துனர் உரக்கக் கேட்டார்: “பதினெட்டுக் குழி தோண்டுறதுக்கு இன்ஜினீயர் படிப்பு எதுக்கு வே? ஏரல்ல வாழக்கன்னு நடுதவன் காலைக் காப்பிக்கு முன்னால தோண்டிருவானே!” பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவருக்கு நான் விளக்கவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். குழி தோண்டுவது என் வேலை அல்ல. பந்தை அடிக்கத் தொடங்கும் மேட்டிலிருந்து கொடி நட்ட குழி வரைக்கும் நீண்டு கிடக்கும் நிலத்தைத்தான் நாங்கள் ‘குழி’ என்கிறோம். அப்படிப் பதினெட்டு. ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொடங்க வேண்டும். கடைசிக் குழி புறப்பட்ட இடத்துக்கே ஆளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதற்கு நிலத்தை இருபது தடவை, முப்பது தடவை நடந்து பார்ப்போம். எதைப் பார்ப்போம் தெரியுமா? தண்ணீர் எங்கிருந்து வந்து எந்தப் பக்கமாகப் போகிறது என்பதை. சுருங்கச் சொன்னால், கோல்ஃப் மைதானம் என்பது புல்லால் மூடிய வடிகால். தண்ணீரைப் பற்றித் தெரியாதவன் இந்தத் தொழிலில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்க மாட்டான்.

‘ஓடை என்று எனக்குத் தெரியாது’ என்று நான் சொல்ல முடியாது என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.

படித்து முடித்ததும் நான்கு ஆண்டுகள் அரசு அலுவலகம் ஒன்றில் வரைபடப் பிரிவில் இருந்தேன். ஒரு கோப்பு எப்படி நடக்கும், எந்த மேசையில் உட்காரும், எங்கே படுத்துத் தூங்கும் என்பதை அங்கேதான் கற்றேன். பிறகு வளைகுடா. ஒரு முன்னாள் ஆட்டக்காரரின் வடிவமைப்பு நிறுவனத்தில் இருபத்தாறு ஆண்டுகள். ஒவ்வொரு மைதானத்துக்கும் அவர் இரண்டு முறை வருவார். முதல் முறை வந்து தொடுவானத்தை நோக்கிக் கையை நீட்டுவார், புகைப்படம் எடுப்பார்கள். இரண்டாம் முறை வந்து பந்தை அடித்துத் திறந்து வைப்பார். வாசல் கல்லில் அவர் பெயர் இருக்கும். நடுவில் இருந்த மூன்று ஆண்டுகளும் மணலும் படமும் என்னுடையவை. நான் அங்கே எழுதியது ஒன்றே ஒன்று, நிறுவனத்தின் நடைமுறைக் கையேடு; தொடக்கத்தில் சொன்ன விதி அதில்தான் இருக்கிறது. அதிலும் என் பெயர் இல்லை.

இது சமாதானம் அல்ல. கோப்பில் ‘பின்னணி’ என்று ஒரு தலைப்பு உண்டு. அதன் கீழ் வருவது.

ஊருக்குத் திரும்பிப் பாளையங்கோட்டையில் வீடு கட்டிக்கொண்டபோது ஐம்பத்தெட்டு வயது. அப்போதுதான் அந்த வேலை வந்தது. ஏரலுக்குத் தெற்கே, ஆற்றுப் பாசனம் முடிந்து செம்மணல் தேரி தொடங்கும் இடத்தில், ஒரு தனியார் சுற்றுலாக் குடியிருப்பு. நடுவில் பதினெட்டுக் குழி மைதானம். முதலாளிகள் வெளியூர்க்காரர்கள். வாசல் கல்லில் என் பெயரைப் போடுவதாகச் சொன்னார்கள்.

நிலத்தை அளக்க உள்ளூரில் ஆள் தேடினேன். சேவியர் வந்தார். கடற்கரை ஊர்க்காரர்; ஏரலில் குடியிருந்தார். என்னைவிட எட்டு வயது இளையவர். அவருடைய அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போனவர்கள். “எனக்கு அல அடிச்சா தல சுத்தும் அண்ணாச்சி, அதான் அசையாத எடமாப் பாத்து அளக்க வந்துட்டேன்” என்பார். அரசு அங்கீகரித்த அளவையாளர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அந்தப் பட்டியலில் இருந்தால்தான் படத்தில் போடும் கையெழுத்து அலுவலகத்தில் செல்லும். வேலை தொடங்குமுன் என் கையேட்டின் பிரதி ஒன்றை அவரிடம் கொடுத்தேன்.

நான்காம் நாள் காலை அவர் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். கருவேலம் புதர்களுக்கு நடுவே ஒரு நீண்ட பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“இங்கன வந்து பாருங்க. பள்ளம்னு நெனச்சிராதீங்க. ஓடை. மழ பெஞ்சா ஊர்க்குளத்துக்கு இது வழியாத்தான் தண்ணி போவுது.”

கடைசியாக எப்போது போனது என்று கேட்டேன்.

“ஆறு வருசம் இருக்கும். அதுக்காவ கோடு போடாம இருக்க முடியுமா? உங்க கையேட்டுலயே போட்டிருக்கே, ஓடினாலும் ஓடாட்டாலும்னு.”

“அதை முழுசாப் படிச்ச ஒரே ஆளு நீருதான் வே” என்றேன்.

அவருக்கு அது பெருமையாக இருந்தது. நீலக் கோட்டைப் போட்டார். களப் புத்தகத்திலும் தன் கையால் குறித்தார். பணி முடிந்ததும் முறைப்படி அந்தப் புத்தகத்தை என்னிடம் ஒப்படைத்தார்.

இன்னொன்றையும் ஒப்படைத்தார். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது, எந்த விதியிலும் இல்லாதது. பெரிய படங்களை அச்சிடும் இயந்திரம் பாளையங்கோட்டையில் என்னிடம் இருந்தது. படம் மாறும்போதெல்லாம் மூலைக் கட்டத்தில் ‘அளந்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட அவர் ஏரலிலிருந்து பஸ் ஏறி வர வேண்டும். ஆகவே பத்து வெற்றுத் தாள்களில் முன்கூட்டியே கையெழுத்திட்டு, சுருட்டிக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

“ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு பொழுது போயிருது. இது ஒங்ககிட்டயே கெடக்கட்டும் அண்ணாச்சி. ஒங்களுக்குத் தெரியாததா!”

தெரியும். எல்லாம் தெரியும்!

பதினான்காம் குழி அந்த ஓடையின் மேல்தான் விழுந்தது. நான் கொண்டுபோய் வைக்கவில்லை. நிலமே அப்படிக் கிடந்தது. மேட்டில் நின்றால் இடப்பக்கம் பனைகள், வலப்பக்கம் சிவந்த தேரி, நடுவே அந்தப் பள்ளம் இடுப்பை வளைத்ததுபோல் திரும்பும். அதை நிரவி, ஒரு பக்கம் சற்றே மேடாக்கிப் புல் போட்டால்... இருபத்தாறு ஆண்டுகளில் எனக்கு அப்படி ஒரு நிலம் கிடைத்ததில்லை.

நீலக் கோடு இருந்தால் என்ன ஆகும்? கோப்பு நீர்வள அலுவலகத்துக்குப் போகும். அவர்கள் வந்து பார்ப்பார்கள். ஓடையின் இருபுறமும் மண்ணைத் தொடக் கூடாது என்பார்கள். பதினான்கு போனால் பதின்மூன்றும் பதினைந்தும் போகும். சட்டைப் பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டால் கழுத்துவரை மாறும் அல்லவா, அதுபோல.

ஒரு பிற்பகல், காப்பி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கணினியில் அந்தக் கோட்டைத் தொட்டேன். அழித்தேன். சேவியர் கையெழுத்திட்ட தாளைச் செருகி அச்சிட்டேன். மொத்தம் கால் மணி நேரம். தயக்கம் வந்ததா? இல்லை. மின்விசிறியில் தாள் பறக்காமல் இருக்க மேலே ஒரு கண்ணாடிக் குண்டை வைத்தேன், அது நினைவிருக்கிறது. படம் அழகாக இருந்தது. அனுமதி ஆறு வாரத்தில் வந்தது.

அடுத்த ஆண்டு ஐப்பசியில் மழை பெய்தது. ஏழு ஆண்டு காய்ந்த ஊர் அது. பிசான நெல் சாகுபடிக்கு நாற்றங்கால் போட்டுவிட்டுக் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பழைய வழியிலேயே வந்தது. பதினான்காம் குழியில் நான் எழுப்பிய மேட்டில் முட்டியது. வலப்பக்கம் திரும்பித் தேரி மணலில் இறங்கியது. மணல் குடித்துவிட்டது. குளத்தில் கால் பங்கு நீர்கூட நிற்கவில்லை. நாற்று நாற்றங்காலிலேயே மஞ்சளாகிப் போனது.

ஊர்க்காரர்கள் மறியல் செய்தார்கள். விசாரணைக்கு அதிகாரி வந்தார். பஞ்சாயத்து அலுவலகத்தில் மேசை போட்டு, படத்தை விரித்தார். நானும் சேவியரும் அடுத்தடுத்த நாற்காலிகளில். படத்தில் ஓடை இல்லை. மூலையில் கையெழுத்து இருக்கிறது.

அதிகாரி என்னைக் கேட்டார்: உங்களுக்குக் கொடுத்த அளவைப் படத்தில் ஓடை காட்டப்பட்டிருந்ததா?

நான் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன். அது எழுத்தில் பதிவாகியிருக்கிறது: “அனுமதிக்குச் சமர்ப்பிக்கப்பட்ட இறுதி நிலவர வரைபடத்தில் ஓடை காட்டப்படவில்லை.”

கவனித்தீர்களா? ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கேள்விக்குப் பதிலும் இல்லை. நான்கு ஆண்டு அரசுப் பணி வீண்போகவில்லை!

சேவியர் குனிந்து படத்தை வெகுநேரம் பார்த்தார். ஓடை இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்துத் தேய்த்தார். பிறகு மூலைக்கு வந்தார்.

“கையெழுத்து என்னுதுதான்” என்றார்.

‘வெற்றுத் தாளில் போட்டுக் கொடுத்தேன்’ என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் அது தனிக் குற்றம் என்று அவருக்குத் தெரியும். என்னையும் இழுத்துவிடும் என்றும் நினைத்திருக்கலாம். எது முதலில் தோன்றியது என்று நான் கேட்டதில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் என் கார் நின்றது. கதவைத் திறக்கும்போது அவர் வந்து நின்றார்.

“அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு. விட்டுப் போச்சா, விட்டீங்களா?”

நான் அவருடைய சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவைப் பார்த்தபடி சொன்னேன்: “விட்டுப் போச்சு வே. படத்தை மாத்தும்போது எப்படியோ அழிஞ்சிருக்கு. நான் கவனிக்கல.”

அவர் முகம் தெளிந்துவிட்டது! என்னால் இதைத்தான்... சரி. முகம் தெளிந்துவிட்டது. என் தோளைத் தொட்டார். “அப்ப சரி, விடுங்க. மனுசன்னா விட்டுப் போவத்தான் செய்யும். நீங்க ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துட்டா சரியாப் போவும். களப் புத்தகம் ஒங்ககிட்டதான இருக்கு.” என்னைத் தேற்றினார். குற்றம் செய்தவனை, குற்றம் சுமந்தவர் தேற்றினார்.

எழுதுகிறேன் என்றேன்.

மூன்றே வாரத்தில் பதினான்காம் குழிக்கு அடியில் அகலமான குழாய் பதித்தார்கள். அவ்வளவுதான் தேவைப்பட்டது. மறு ஆண்டு குளம் பெருகி மறுகால் பாய்ந்தது. ஊர் அதை மறந்தது. மைதானம் திறந்தது, கல்லில் என் பெயர். பதினான்காம் குழியைப் புகழ்ந்து ஒரு பத்திரிகை எழுதியது.

சரியாகாமல் போனது ஒன்றுதான். விசாரணை அறிக்கையின் பேரில் சேவியரின் பெயர் அளவையாளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தூத்துக்குடியில், துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளின் எண்களைக் குறிக்கும் வேலைக்குப் போனார். காலை ஐந்து மணிக்குப் பஸ்.

நான் ஏன் எழுதவில்லை? திறப்பு விழா முடியட்டும் என்று இருந்தேன். பிறகு பத்திரிகை வரட்டும் என்று. பிறகு... பிறகு காரணமே தேவைப்படவில்லை. எழுதாமல் இருப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு முறை நினைவு வரும். பல் தேய்க்கும்போது. வாய் கொப்பளித்ததும் போய்விடும். அப்படி ஏழு ஆண்டுகள். நம்புவீர்களா? எனக்குத் தூக்கம் கெட்டதே இல்லை.

எட்டாம் ஆண்டு தொடக்கத்தில், பொங்கல் கழிந்து, அவர் என் வீட்டுக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையைத் தட்டில் வைத்து நீட்டினார். மெலிந்து, வெயிலில் கறுத்திருந்தார். காப்பி வாங்கிக் குடித்தார். மகளுக்கு ஏரலில் மூன்று சென்ட் மனை வாங்கியிருப்பதாகவும் வீடு வேலையை ஆகஸ்ட்டில் தொடங்கப் போவதாகவும் சொன்னார்.

“எத்தன பேரு மனைய அளந்திருக்கேன். எம் மவ மனைய அளந்து, கல்லு நட்டு, படத்துல நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்னு ஒரு இது. வேற ஒண்ணுமில்ல.” சிரித்தார். “அறுவது முடிஞ்சிட்டா பட்டியல்ல ஏத்த மாட்டாங்க. எனக்கு ஆகஸ்ட் முப்பத்தொண்ணோட முடியுது.”

பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மிகவும் தயங்கி, என் மனம் நோகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, கேட்டார்:

“நீங்க எழுதுன கடுதாசிக்குப் பதிலே வரலல்லா?”

ஏழு ஆண்டுகளாக, நான் எழுதிவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். பதில் வராததற்கு அலுவலகத்தை நொந்துகொண்டிருந்திருக்கிறார். ஒரு முறைகூட என்னை வந்து கேட்கவில்லை... கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று.

“வரல வே” என்றேன். “திரும்பவும் நினைவூட்டு அனுப்புதேன்.”

இது மூன்றாவது. முதல் பொய் அந்தக் கோடு, இரண்டாவது வேப்பமரத்தடி, இது மூன்றாவது. எது பெரிது என்று உங்களால் சொல்ல முடியுமா? நான் முயன்று பார்த்துவிட்டேன்.

கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் என் இலையருகே அவரே நின்று, இன்னொரு கரண்டி வைக்கச் சொன்னார். சாப்பிட்டேன்.

மனு எழுதத் தொடங்கினேன். அன்றே ஒரு பக்கம் எழுதி, மறுநாள் காலையிலேயே அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். நானோ அதை முறைப்படி செய்தேன். களப் புத்தகத்தின் சான்றொப்பமிட்ட நகல். விசாரணை அறிக்கையின் சான்று நகலுக்கு விண்ணப்பம். அது வர இரண்டு மாதம். இணைப்புகளுக்கு அட்டவணை. பக்க எண். நான்கு முறை திருத்தினேன். மூன்றாம் வரைவில் ‘கவனக்குறைவால்’ என்றிருந்ததை நான்காவதில் ‘வேண்டுமென்றே’ என்று மாற்றினேன். அந்த ஒரு சொல்லுக்கு ஒன்பது நாள் ஆனது. குறையில்லாத மனு! அத்தகைய மனுவை அந்த அலுவலகம் கண்டிருக்காது. ஜூன் பத்தாம் தேதி பதிவுத் தபாலில் அனுப்பினேன். சம்பந்தப்பட்டவருக்கு நகல் அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்துத் தொலைபேசி ஒலித்தது. பின்னால் பாரம் தூக்கும் இயந்திரத்தின் இரைச்சல்.

“நகல் வந்துச்சு” என்றார் சேவியர்.

“ம்.”

“வேணும்னேன்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா வே.”

இரைச்சலுக்கு நடுவே தாளைப் புரட்டும் ஓசை கேட்டது. 

“அதுகூடச் சரி. கீழ தேதி இந்த மாசம் பத்துன்னு இருக்கு. அப்ப முந்தி எழுதுனது?”

“எழுதல.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட.”

“எம் பொஞ்சாதி கேப்பா, அந்த மனுசன் எழுதித்தான் இருப்பாராங்கன்னு. நான் அவள ஏசியிருக்கேன், சார்.”

அண்ணாச்சி என்று சொல்லவில்லை. சார் என்றார். வைத்துவிட்டார்.

ஜூலையில் ஒரு நினைவூட்டு அனுப்பினேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் இன்னொன்று. நேரில் போனேனா? போகவில்லை. அங்கே ஒரு மேலாளர், நான் அரசுப் பணியில் இருந்தபோது என்னிடம் வேலை பழகியவர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கோப்பு எழுந்து நடந்திருக்கும். அது முறையல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவா? அவர் என் முகத்தைப் பார்த்து, “நீங்களா சார் செஞ்சீங்க?” என்று கேட்பாரே... அதற்காகத்தான். அங்கேயும் என்னைத்தான் காத்துக்கொண்டேன்.

மனையை ஆகஸ்ட் கடைசியில் வேறு ஒருவர் அளந்தார் என்று கேள்விப்பட்டேன். கூட நின்று கயிற்றின் ஒரு நுனியைச் சேவியர் பிடித்துக்கொண்டாராம்.

பதில் ஒரே ஒரு தாள். “பார்வையில் காணும் மனு பரிசீலிக்கப்பட்டது. திரு. சேவியர் என்பாரின் பெயரை அளவையாளர் பட்டியலிலிருந்து நீக்கிய ஆணை இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது. அன்னார் அறுபது வயதைப் பூர்த்தி செய்துவிட்டபடியால், மீண்டும் பட்டியலில் சேர்ப்பது குறித்த கேள்வி எழவில்லை. மனுதாரர் மீது நடவடிக்கை எடுக்க இவ்வலுவலகத்துக்கு அதிகாரம் இல்லை.” கீழே, ‘நகல்: திரு. சேவியர், ஏரல்.’

குறை சொல்ல ஒன்றுமில்லை. சரியான ஆணை. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

இரண்டு முறை படித்தேன். பிறகு, பழக்கத்தில், தாளின் வலது மேல் மூலையில் பென்சிலால் குறித்தேன்: ‘பெறப்பட்டது. அக்டோபர் 26, திங்கட்கிழமை.’